இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்த பின்னர் இல்லத்தை ஆண்டு முழுவதும் இயங்கச் செய்வது எப்படி?

கேள்வி: வடமராட்சி ஆசிரியை

வணக்கம். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மகளிர் பாடசாலையில் கற்பிக்கிறேன். இவ்வாண்டு ஜனவரியில் எங்கள் அதிபர், விளையாட்டுப் போட்டிக்காகப் பிள்ளைகளைப் பிரித்துச் சேர்த்திருக்கும் நான்கு இல்லங்களுள் (ஹவுஸ்) ஒன்றுக்கு என்னைப் பொறுப்பாசிரியையாக நியமித்தார். தரம் 6 முதல் 13 வரை 180 அளவிலான பிள்ளைகள் இந்த இல்லத்தில் இருக்கிறார்கள்.

பெப்ரவரி மாதம் முழுவதும் நான் கண்டது எனக்கே புதிதாக இருந்தது. விடியற்காலை ஆறரை மணிக்கே அணிநடை பழக வந்துவிடுவார்கள். இல்ல அலங்காரத்துக்கென்று உயர்தரப் பிள்ளைகள் குருத்தோலை பின்ன, தரம் 6 பிள்ளைகள் சுற்றியிருந்து ஈர்க்கு எடுத்துக் கொடுப்பார்கள். போட்டியன்று மாலை கடைசி அஞ்சலோட்டம் முடிந்தபோது, மூன்றாமிடம் பெற்றிருந்தும், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். மறுநாள் அலங்காரத்தைப் பிரித்து, கொடியை மடித்து அலுமாரிக்குள் வைத்தோம். அத்துடன் இல்லமும் அலுமாரிக்குள் போய்விட்டது போலவே தோன்றுகிறது.

மார்ச் நடுப்பகுதியில் ஒருநாள் இடைவேளையின்போது, தரம் 6 பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து, "ரீச்சர், அண்டைக்கு எனக்குக் குளுக்கோஸ் கரைச்சுத் தந்த அக்காவின்ரை பேர் என்ன?" என்று கேட்டாள். அவள் சுட்டிக்காட்டியது எங்கள் இல்லத் தலைவியை. ஒரு மாதம் ஒரே கொட்டகையின் கீழ் இருந்த பிள்ளைக்குத் தன் இல்லத் தலைவியின் பெயர் தெரியவில்லை என்பது என்னை மிகவும் வருத்தியது. மேலும் போட்டிகளை வைத்துப் பிள்ளைகளைக் களைப்படையச் செய்ய நான் விரும்பவில்லை. பெற்றோரிடம் மீண்டும் காசு கேட்கவும் மனமில்லை. இரண்டரை மணிக்குப் பின்னர் அனைவரும் ரியூசனுக்குப் போய்விடுகிறார்கள். இந்த வரையறைகளுக்குள் இல்லத்தை ஆண்டு முழுவதும் ஒரு சமூகமாக வைத்திருக்க வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை

மகளே, கேள்வியை நீங்கள் சரியான இடத்தில் தொட்டிருக்கிறீர்கள். இல்லம் என்ற சொல்லே இதற்குப் பாதி விடை சொல்லும். இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளில் பிள்ளைகள் உண்டு உறங்கிய வீடுகளே இல்லங்களாக இருந்தன. அந்த வீடுகளுக்கிடையில் விளையாட்டு நடந்தது. விளையாட்டுக்காக வீடுகள் உண்டாக்கப்படவில்லை. நம்முடைய பகற்பாடசாலைகள் நிறத்தையும் கொடியையும் எடுத்துக்கொண்டன. வீட்டை எடுத்துக்கொள்ள இயலவில்லை.

ஆனால் யாழ்ப்பாணத்துப் பெண்கல்வி கூடி வாழ்வதிலிருந்தே தொடங்கியது என்பதையும் மறக்கக்கூடாது. 1824 இல் உடுவிலில் ஹரியற் வின்சிலோ அம்மையார் (தமிழ்-ஆங்கில அகராதி தந்த மிஷனரி வின்சிலோவின் மனைவி) தொடங்கியது ஒரு விடுதிப் பாடசாலை. அங்கே ஏறத்தாழ 40 ஆண்டுகள் பணியாற்றிய எலிசா அக்னியூ அம்மையாரை "ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்" என்று அழைத்தார்கள். 1913 இல் மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய சைவப் பெண்கள் கல்லூரியும் விடுதியோடுதான் எழுந்தது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்ட பழக்கம் அந்த விடுதிகளில் இருந்தது. அதற்கு எவரும் புள்ளி போடவில்லை.

போட்டி வேண்டாம் என்ற உங்கள் கருத்தை மட்டும் நான் முழுமையாக ஏற்கமாட்டேன். முப்பது ஆண்டுகள் மைதானத்தில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: வெயிலில் சேர்ந்து பழகிய பிள்ளைகளுக்கிடையில் உண்டாகும் உறவு வேறு எதனாலும் அவ்வளவு விரைவாக உண்டாகாது. பிழை போட்டியில் இல்லை; ஓடத் தெரிந்த முப்பது பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நூற்றைம்பது பேரையும் கைதட்ட உட்கார்த்தி வைப்பதில்தான் இருக்கிறது. நான் பொறுப்பாயிருந்த காலத்தில், குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இல்லத்துக்கு ஒரு புள்ளி என்று அதிபரிடம் கேட்டு வாங்கினேன். முதலாமிடமா ஐம்பதாமிடமா என்ற கேள்வி அங்கே எழவில்லை. ஒருபோதும் மைதானத்தில் இறங்காத பிள்ளைகள் மூத்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்ததைப் பார்த்தேன்.

மூன்றாம் தவணையில் வாணி விழா (நவராத்திரி) வரும். ஒன்பது நாள் பூசையில் ஒரு நாளை உங்கள் இல்லத்துக்குக் கேட்டு வாங்குங்கள். கடலை அவிப்பதையும் மாலை கட்டுவதையும் உயர்தரப் பிள்ளைகள் தாங்களே செய்து முடித்துவிடாமல், தரம் 6, 7 பிள்ளைகளை அருகில் இருத்திப் பழக்கச் சொல்லுங்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் இருந்தால் டிசெம்பர் ஒளிவிழாவில் அவர்கள் முன்னிற்க, மற்றவர்கள் உதவட்டும். ஆசிரியர் தினம், சிறுவர் தினம் எல்லாம் வரும், போகும். அவற்றுக்காக அதிகம் அலைய வேண்டாம்.

பதில் 2: பழைய மாணவி, வலிகாமம்

முன்னைய பதிலில் அம்மா எழுதியதோடு உடன்படுகிறேன். என்னுடைய அனுபவம் வேறு வகையானது. பயன்படுமோ தெரியாது, ஆனாலும் எழுதத் தோன்றுகிறது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது நான் தரம் 9 இல் இருந்தேன். அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின்னர் சிறிது சிறிதாகத் திரும்பி வந்தோம். பாடசாலை மீண்டும் தொடங்கிய முதல் நாள், நான்கு பிரிவுகளாக இருந்த எங்கள் தரத்தில் ஒரு வகுப்பறையை நிரப்பவும் பிள்ளைகள் இல்லை. சிலர் வன்னிக்குப் போயிருந்தார்கள், சிலர் கொழும்புக்கு. சிலரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. பிரிவுகளை ஒன்றாக்கிவிட்டதால் நான் எந்த வகுப்புப் பிள்ளை என்பதே எனக்குக் குழப்பமாக இருந்தது.

அந்த வாரம் எங்கள் இல்லப் பொறுப்பாசிரியை இல்லப் பிள்ளைகளை மட்டும் மாமரத்தின் கீழ் கூப்பிட்டார். அவருடைய கையில் பழைய இல்லப் பதிவேடு இருந்தது. கறையான் ஓரம் தின்ற அந்தப் பதிவேட்டை அவர் எப்படிக் காப்பாற்றினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பெயராக வாசித்தார். இருந்தவர்கள் "உள்ளேன்" என்றோம். இல்லாதவர்களின் பெயர் வந்தபோது, அவர்களைப் பற்றி அறிந்தவர்கள் சொன்னோம்: "கிளிநொச்சியில் இருக்கிறா", "பருத்தித்துறையில் கண்டனான்". ஒருவருக்கும் தெரியாத பெயருக்கு எதிரே ஆசிரியை பென்சிலால் ஒரு சிறு வட்டம் போட்டார். பின்னர் யாராவது செய்தி கொண்டுவரும்போது அந்த வட்டத்தை அழித்து ஊரின் பெயரை எழுதினார். அந்த ஆண்டு எங்களுக்கு விளையாட்டுப் போட்டி நடக்கவில்லை, கொடியும் இருக்கவில்லை. ஆயினும் நான் படித்த காலம் முழுவதிலும் இல்லம் என்ற ஒன்று எனக்கு உண்மையாக இருந்தது அந்த ஆண்டில்தான்.

ஆகவே என்னுடைய ஆலோசனை ஒன்றே ஒன்று. மாதம் ஒருமுறையாவது இல்லப் பதிவேட்டை எல்லோர் முன்னிலையிலும் பெயர் பெயராக வாசியுங்கள். 180 பெயர்களை வாசிக்கப் பதினைந்து நிமிடம் போதும். வராதவளைப் பற்றி அவளுடைய வகுப்புத் தோழி சொல்லட்டும், மூத்த பிள்ளைகள் கேட்கட்டும். பெயரைக் காதால் கேட்டுப் பழகாமல் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள முடியாது.

பதில் 3: இரண்டு பெண்பிள்ளைகளின் தாய்

பெற்றோர் பக்கத்திலிருந்து இரண்டு விடயங்கள் சொல்ல வேண்டும்.

முதலாவது, காசு. நீங்கள் அதைக் கேட்க விரும்பவில்லை என்று எழுதியதற்கு நன்றி. என்னுடைய பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் ரெஜிபோமும் (தெர்மோகோல்) வாடகைத் துணியும் வாங்கி இல்ல அலங்காரம் செய்தார்கள். ஒரு பிற்பகலுக்காகச் செய்த அந்த அலங்காரம் மறுநாள் குப்பைக் குழிக்குள் கிடந்தது. 2022 இல் எரிபொருளும் இல்லாமல், பொருள்களின் விலையும் ஏறிய காலத்தில்கூட அந்தச் சேகரிப்பு நிற்கவில்லை. கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளை அந்த வாரம் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நின்றுகொள்கிறாள். இதைத் தயவுசெய்து எல்லாப் பொறுப்பாசிரியைகளும் கவனிக்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் குருத்தோலை பின்னினார்கள் என்று வாசித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது.

இரண்டாவதை எழுதச் சிறிது தயங்கினேன். இது பெண்பிள்ளைகளின் இல்லம் பற்றிய கேள்வி என்பதால் எழுதுகிறேன். என் இளைய மகள் தரம் 7 இல் இருந்தபோது, பாடசாலையில் வைத்துத்தான் பெரியபிள்ளையானாள். வெள்ளைச் சீருடை, மூன்றாம் பாடவேளை. வகுப்பாசிரியை புதிதாக வந்தவர், வகுப்புத் தோழிகளுக்கோ இவளைவிட ஒன்றும் தெரியாது. இவள் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்து, தரம் 12 வகுப்பறையின் வாசலில் போய் நின்றிருக்கிறாள். அங்கே அவளுடைய இல்லத்து அக்கா ஒருத்தி இருந்தாள். அலங்காரக் கொட்டகையில் இரண்டு கிழமை இவளைப் பக்கத்தில் இருத்தி ஓலை மடிக்கப் பழக்கிய பிள்ளை. அந்தப் பிள்ளை ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து வந்து, இவளை முன்னால் நடக்கவிட்டு, புத்தகப்பையை முன்புறமாகப் பிடித்தபடி ஒட்டினாற்போலப் பின்னால் நடந்து முதலுதவி அறைக்குக் கூட்டிச்சென்றிருக்கிறாள். நான் போய்ச் சேரும்வரை கையை விடவில்லை.

அந்த அக்காவிடம் போகலாம் என்று என் மகளுக்கு எப்படித் தோன்றியது என்று பின்னர் கேட்டேன். "அவ என்ரை ஹவுஸ் அக்கா தானே அம்மா" என்றாள். ஆசிரியைமாரே, நீங்கள் வைக்கும் விழாக்களைவிட இதைத்தான் நான் இல்லத்திடம் எதிர்பார்க்கிறேன். ஒவ்வொரு சிறிய பிள்ளைக்கும், வாசலில் போய் நிற்கக்கூடிய ஒரு மூத்த பிள்ளையின் வகுப்பறை தெரிந்திருக்க வேண்டும். என் மூத்த மகளுக்கு அப்படி ஒருவரும் இருக்கவில்லை; அவள் ஓட்டத்தில் கெட்டிக்காரியாக இருக்கவில்லை என்பதால் எட்டு ஆண்டுகளும் கைதட்டும் வரிசையிலேயே இருந்துவிட்டு வெளியேறினாள்.

வடமராட்சி ஆசிரியை மீண்டும்

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று பதில்களையும் அச்செடுத்து அதிபரிடம் கொண்டுசென்றேன்.

இவ்வாறு செய்வதாகத் தீர்மானித்திருக்கிறோம். இல்லத்தை 22 சிறு குடும்பங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொன்றிலும் தரம் 6 முதல் 13 வரை ஒவ்வொரு தரத்திலிருந்தும் ஒரு பிள்ளை இருப்பாள். இயன்ற அளவுக்கு ஒரே பாதையால் சைக்கிளில் வரும் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்க்கப் பார்க்கிறேன். இரு வாரங்களுக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை காலைப் பிரார்த்தனைக்குப் பின்னர் இருபது நிமிடம் தர அதிபர் இணங்கியிருக்கிறார். பரீட்சை நெருங்கும் காலத்தில் தரம் 11, 13 பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு; அவர்களின் இடத்தைத் தரம் 10, 12 பிள்ளைகள் நிரப்புவார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் முதற் சந்திப்பும் மூத்த பிள்ளையின் வகுப்பறையில் நடக்கும். அந்த வாசல் சிறியவர்களுக்குப் பழகட்டும். ஓடி முடிக்கும் ஒவ்வொருவருக்கும் புள்ளி என்ற யோசனையை அடுத்த ஆண்டுக்காக உடற்கல்வி ஆசிரியை குறித்துவைத்திருக்கிறார்.

குடும்பங்களைப் பிரிப்பதற்காக நேற்று இல்லப் பதிவேட்டை எடுத்து, வகுப்பு இடாப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தரம் 9 இல் இரண்டு பெயர்களுக்குரிய பிள்ளைகள் இரண்டாம் தவணை தொடங்கியதிலிருந்து வரவில்லை. வகுப்பாசிரியைக்குத் தெரிந்திருக்கிறது, எங்கள் இல்லத்தில், நான் உட்பட, ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களுள் ஒருத்தி பெப்ரவரியில் குண்டு போடுதலில் எங்களுக்கு மூன்றாமிடம் பெற்றுத் தந்தவள். இரண்டு பெயர்களுக்கும் எதிரே பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். இன்று பின்னேரம் இல்லத் தலைவியையும் அவளுடைய தாயாரையும் அழைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போகிறேன்.