உதவி தேவை: சல்லிவன் குடும்பம், கார்க் மாவட்டத்தில் எந்த ஊர்? (பியூட், மான்டனா வரை தடம் இருக்கிறது, அதற்கு முன் இல்லை)

சியாட்டில் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவர் வீட்டார் சல்லிவன். கணவரின் கொள்ளுத்தாத்தா அயர்லாந்திலிருந்து வந்தவர், மான்டனாவில் பியூட் என்ற சுரங்க நகரத்தில் வேலை பார்த்தார், அவ்வளவுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமியாருக்கு இந்த வருடம் எண்பது ஆகிறது. அதற்குள் அந்த ஊர் எது என்று கண்டுபிடித்து, முடிந்தால் ஒருமுறை கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்து ஆரம்பித்தேன். இப்போது நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கையில் இருப்பது: 1900 அமெரிக்க சென்சஸில் அவர் பெயர் ஜெரமையா, வீட்டில் ஜெரி. பிறப்பு 1869 அயர்லாந்து, அமெரிக்கா வந்தது 1887. மூத்த பிள்ளை பிறந்தது மிச்சிகனில், அடுத்தவை எல்லாம் மான்டனாவில். இறப்புச் சான்றிதழில் அப்பா டிம் சல்லிவன், அம்மா மேரி ஹாரிங்டன், பிறந்த இடம் வெறுமனே "கார்க், அயர்லாந்து".

அயர்லாந்து அரசின் இலவசத் தளம் இருக்கிறதே, ஐரிஷ்ஜீனியாலஜி, அதில் ஓ'சல்லிவன், ஜெரமையா, கார்க், 1869 என்று போட்டால் ஒன்றிரண்டு வருகிறது, பெற்றோர் பொருந்தவில்லை. 'ஓ'வை எடுத்துவிட்டால் பக்கம் பக்கமாகக் கொட்டுகிறது. சர்ச் பதிவுகளில் கார்க் என்று தேர்ந்தெடுத்தாலும் இந்த அப்பா அம்மா ஜோடி கிடைக்கவில்லை. 1871 சென்சஸ் பார்க்கலாம் என்றால் அப்படி ஒன்று தளத்திலேயே இல்லை. நான் எங்கே தேடத் தவறுகிறேன்?

இன்னொன்று. மாமியார் வீட்டுக் கூடத்தில் சல்லிவன் குலச்சின்னம் என்று ஒரு கேடயம் மாட்டியிருக்கிறார்கள், டன்பாய் கோட்டையை ஆண்ட பரம்பரை என்று சொல்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் வரமுடியுமா?

குமரிக்கடல்:

நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைப் பரிசோதித்த எலிஸ் தீவில் இறங்கும்போது அதிகாரிகள் பெயரை வெட்டிச் சுருக்கி எழுதிவிடுவார்கள் என்று படித்திருக்கிறேன். 'ஓ' அங்கேதான் போயிருக்கும். அதனால் ஓ'சல்லிவன் என்றே தேடுங்கள் சகோ.

பழைய பதிவேடு:

அது பரவலாகச் சொல்லப்படும் கதை, நம்பவேண்டாம். எலிஸ் தீவு திறந்ததே 1892 ஜனவரி 1ஆம் தேதி, இவர் வந்தது 1887. தவிர அங்கே அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதியதில்லை, கப்பலில் ஏறும்போது தயாரான பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். 'ஓ' விழுந்தது அயர்லாந்திலேயே, ஆங்கில ஆட்சி இறுகிய 17ஆம் நூற்றாண்டு தொடங்கி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரிஷ் மொழி மறுமலர்ச்சி வந்த பிறகுதான் பலர் அதைத் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள். ஆகவே 1869க்குத் தேடும்போது சல்லிவன் என்றே தேடவேண்டும். கொட்டுவதைக் குறைக்க வேறு வழி இருக்கிறது.

சகோதரி, உங்களிடம் இருக்கும் தகவல் நீங்கள் நினைப்பதைவிட நல்ல தகவல். சல்லிவன் கணவர், ஹாரிங்டன் மனைவி, முதலில் மிச்சிகன், பிறகு பியூட். இந்த நான்கும் ஒன்றாக வந்தால் நான் முதலில் பார்ப்பது கார்க் நகரத்தை அல்ல, மாவட்டத்தின் மேற்குக் கோடியில் கடலுக்குள் நீளும் பேரா தீபகற்பத்தை. அங்கே அலிஹீஸ் என்ற ஊரில் 1812 வாக்கில் பக்ஸ்லி என்ற நிலக்கிழார் குடும்பம் செம்புச் சுரங்கம் ஆரம்பித்தது. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து தேர்ந்த சுரங்கக்காரர்களைக் கொண்டுவந்தார்கள், உள்ளூர் ஆட்கள் அவர்களிடம் தொழில் கற்றார்கள். செம்பு விலை விழ, 1880களில் சுரங்கம் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. தொழில் தெரிந்த ஆட்கள் எங்கே போவார்கள்? செம்பு இருக்கும் இடத்துக்கு. மிச்சிகனின் வடக்குக் கோடியில் கீவனா தீபகற்பம், ஹான்காக், கேல்யுமெட் ஊர்கள். அங்கிருந்து, 1882இல் பியூட்டின் அனகோண்டா சுரங்கத்தில் மார்கஸ் டேலி பெரிய செம்புப் படிவத்தைக் கண்ட பிறகு மான்டனாவுக்கு. டேலியே கேவன் மாவட்டத்து ஐரிஷ்காரர், தன் நாட்டு ஆட்களைத் தயங்காமல் வேலைக்கு வைத்தவர். 1900இல் பியூட்டில் சுமார் நாலில் ஒருவர் ஐரிஷ் வம்சம், அதில் பேராக்காரர்கள் ஏராளம்.

சரி, தேடல் ஏன் வெறுங்கையாக வருகிறது? மாவட்டம் கார்க் என்றாலும் பேரா கத்தோலிக்கர்கள் கெரி மறைமாவட்டத்தை (ஓர் ஆயரின் நிர்வாக எல்லை) சேர்ந்தவர்கள். தளத்தில் சர்ச் பதிவுகள் மறைமாவட்டப்படி பிரிந்திருக்கின்றன, மாவட்டப்படி அல்ல. நீங்கள் கார்க்–ராஸ் மறைமாவட்டத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். கெரிக்கு மாற்றுங்கள், அலிஹீஸ், ஐரீஸ், காசில்டவுன்பேர் ஆகிய பங்குகளை (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட வட்டாரங்களை) பாருங்கள். அரசுப் பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்குகிறது. அதில் ஊரைப் போடாமல் பதிவு மாவட்டம் காசில்டவுன் என்று போடுங்கள், பட்டியல் மளமளவென்று சுருங்கும். அந்தக் காலப் பிறப்புகளுக்குத் தேடல் பட்டியலில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் வராது, பக்கத்தின் படத்தைத் திறந்தால்தான் தெரியும். சோம்பல்படாமல் திறவுங்கள்.

முதல் பெயரிலும் ஒரு சிக்கல். ஜெரமையா என்பது டயர்மிட் என்ற ஐரிஷ் பெயருக்கு ஆங்கிலத்தில் வைத்துக்கொண்ட முகம்தான், ஒரே ஆள் ஒரு தாளில் ஜெரமையா, இன்னொன்றில் டார்பி, மூன்றாவதில் டெர்மட். டிம் என்பவர் ஐரிஷில் டைக் (Tadhg), பழைய பதிவுகளில் 'தேடி' (Thady) என்றும் 'தீக்' (Teague) என்றும் இருப்பார். 1869ஐயும் கல்வெட்டு மாதிரி நம்பாதீர்கள், ஐந்து வருடம் முன்னே பின்னே போங்கள். அந்தத் தலைமுறையில் பலர் தன் வயதைத் தோராயமாகத்தான் சொன்னார்கள்.

1871 சென்சஸ் உங்களுக்கு மட்டும் அல்ல, யாருக்குமே இல்லை. 1861, 1871 இரண்டையும் அரசே சீக்கிரத்தில் அழித்துவிட்டது. 1881, 1891 முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. 1821 முதல் 1851 வரை இருந்தவற்றில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகம் எரிந்தபோது சாம்பலானது. முழுசாக மிஞ்சியவற்றில் பழையது 1901தான், அடுத்தது 1911. இரண்டும் இலவசம்.

கார்க்வாசி:

கார்க்கில் குடியிருக்கும் தமிழன் என்ற முறையில் கொஞ்சம். அலிஹீஸுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். சாலை மலையைச் சுற்றிச் சுற்றிப் போய்க் கடைசியில் கடலைக் காட்டும், கார்க் நகரத்திலிருந்து காரில் மூன்று மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மாமியாரைக் கூட்டிப்போவதானால் நடுவில் பேன்ட்ரியிலோ க்ளென்கேரிஃபிலோ ஓர் இரவு தங்குவது நல்லது. மலைச்சரிவில் சுரங்க இயந்திரக் கட்டிடம் ஒன்று இன்னும் கூரையில்லாமல் நிற்கிறது. கார்ன்வால்காரர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட மெதடிஸ்ட் ஆலயம் இப்போது செம்புச் சுரங்க அருங்காட்சியகம்.

டன்பாய் பரம்பரை விஷயத்துக்கு வருகிறேன். கோட்டை நிஜம், கதையும் நிஜம். ஆனால் ஓ'சல்லிவன்கள் முதலில் பேராக்காரர்களே அல்ல. அவர்களது பழைய நிலம் டிப்பரரியில், கேஹர் பக்கம், ஷூர் ஆற்றோரம், நாக்கிராஃபன் மேட்டைச் சுற்றி. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் நார்மன்கள் நெருக்கியதும் மேற்கே தள்ளப்பட்டு வந்தார்கள். கெரியில் தங்கிய கிளை ஓ'சல்லிவன் மோர், பேராவுக்கு வந்த கிளை ஓ'சல்லிவன் பேர் (Beare). 1601 டிசம்பரில் கின்சேல் போரில் ஐரிஷ்–ஸ்பானியக் கூட்டணி ஆங்கிலேயரிடம் தோற்றது. அடுத்த ஜூனில் ஜார்ஜ் கேரூவின் படை டன்பாயைப் பீரங்கியால் தகர்த்தது, உள்ளே இருந்தவர்களில் பிழைத்தவர்கள் மிகச் சிலர். தலைவன் டோனல் கேம் அப்போது கோட்டையில் இல்லை. அந்த வருடக் கடைசி நாளில் க்ளென்கேரிஃபிலிருந்து ஆண், பெண், குழந்தை என்று சுமார் 1,000 பேரைக் கூட்டிக்கொண்டு வடக்கே நடந்தான். பனி, பசி, வழியெல்லாம் தாக்குதல், அதுவும் பாதித் தாக்குதல் சக ஐரிஷ்காரர்களிடமிருந்து. இரண்டு வாரம் கழித்து லீட்ரிம் போய்ச் சேர்ந்தவர்கள் 35 பேர். எல்லோரும் செத்துவிடவில்லை, வழியில் விலகித் தங்கியவர்களும் உண்டு. பிறகு அவன் ஸ்பெயினுக்குப் போய் 1618இல் மாட்ரிடில் கொல்லப்பட்டான்.

இதிலிருந்து உங்கள் ஜெரிக்கு நேராகக் கோடு போட முடியாது. சல்லிவன் அயர்லாந்தில் மூன்றாவது பெரிய குடும்பப் பெயர், மர்ஃபி, கெல்லிக்கு அடுத்தது. அத்தனை பேரும் கோட்டைக்காரர் பிள்ளையாக முடியுமா? குலச்சின்னமும் அப்படித்தான், அது ஓர் ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது, பெயருள்ள எல்லோருக்கும் அல்ல. சுவரில் அழகாக இருக்கிறது என்றால் இருக்கட்டும், ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 1602ஐ மறந்துவிட்டு 1900லிருந்து பின்னால் ஒவ்வொரு படியாகத்தான் போவேன்.

இன்னொரு விஷயம், இங்கே வந்து விசாரித்தால் "எந்த சல்லிவன்?" என்றுதான் கேட்பார்கள். ஊர் முழுக்க சல்லிவன் என்பதால் கிளைக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பார்கள், அல்லது அப்பன், பாட்டன் பெயரைச் சேர்த்து மைக் டிம் ஜாக் என்று கூப்பிடுவார்கள், நம் இனிஷியல் மாதிரி. பியூட் பக்கத்துக் காகிதங்களில் அந்த மாதிரி ஒட்டுப் பெயர் எங்காவது இருந்தால் தங்கம்.

சியாட்டில் மருமகள்:

மறைமாவட்டம் மாற்றியதும் கிடைத்துவிட்டது! ஆனால் இப்போது பிரச்சினை தலைகீழ். அப்பா டிம் சல்லிவன், அம்மா மேரி ஹாரிங்டன், பிள்ளை ஜெரமையா என்று 1866க்கும் 1872க்கும் இடையில் மூன்று திருமுழுக்குகள். இரண்டு அலிஹீஸ், ஒன்று ஐரீஸ். மூன்றும் வேறு வேறு வீடு என்றுதான் தோன்றுகிறது, டவுன்லேண்ட் (பங்குக்குள் வரும் சின்ன நிலப்பிரிவு, சிற்றூர் மாதிரி) பெயர் வேறாக இருக்கிறது. எதை எப்படிக் கழிப்பது? டிஎன்ஏ பரிசோதனை செய்தால் தெரிந்துவிடுமா?

பழைய பதிவேடு:

டிஎன்ஏவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சல்லிவனும் ஹாரிங்டனும் ஷேயும் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் மாமியாருக்கு மூன்று வீட்டோடும் உறவு காட்டும்.

முதலில் மூவரில் யாராவது சிறுவயதில் இறந்தார்களா என்று இறப்புப் பதிவில் பாருங்கள். ஒன்று கழிய வாய்ப்பு உண்டு. அடுத்து ஞானப் பெற்றோர் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு பியூட் சென்சஸை மறுபடி எடுங்கள். ஜெரி வீட்டில் தங்கியிருந்த ஆட்கள், அடுத்த வீட்டுக்காரர், திருமணச் சாட்சிகள், இவர்கள் யாரும் தற்செயலாக அங்கே இருப்பதில்லை. பெரும்பாலும் மச்சான், சித்தப்பா மகன், ஒரே டவுன்லேண்ட்காரன்.

பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த வரிசையும் பாருங்கள். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்பது அங்கே வழக்கம், சட்டம் அல்ல. மூன்று டிம்களும் டிம்தான் என்பதால் அப்பா பக்கம் உதவாது, ஆனால் ஜெரியின் கூடப்பிறந்தவர்களில் மூத்தவர்களின் பெயர் உங்களுக்குத் தெரிந்தால் பாட்டன்மார் பெயர் தெரியும், அதை வைத்து ஒரு வீட்டைத் தனியாகப் பிரிக்கலாம்.

பியூட் பக்கம் இன்னும் தோண்டவில்லை என்று நினைக்கிறேன். ஜெரி இறந்ததும் உள்ளூர்ப் பத்திரிகையில் இரங்கல் குறிப்பு வந்திருக்கும், அதில் சகோதர சகோதரிகள் யார், எங்கே என்று இருக்கும். பியூட்–சில்வர் போ பொது ஆவணக் காப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ராபர்ட் எம்மெட் இலக்கியச் சங்கம் என்று ஒன்று அங்கே இருந்தது. பெயர்தான் இலக்கியம், உண்மையில் ஐரிஷ் விடுதலைக்காக ரகசியமாக இயங்கிய க்ளான் நா கேல் அமைப்பின் உள்ளூர்க் கிளை. அதிலோ ஐரிஷ் கத்தோலிக்கர்களின் ஹைபர்னியன்கள் சங்கத்திலோ ஜெரி உறுப்பினராக இருந்தாரா என்று கேளுங்கள்.

குமரிக்கடல்:

அதே தீபகற்பத்தின் வடபக்கம் கெரி மாவட்டத்துக்குள் வருகிறதே, டுவோசிஸ்ட் பங்கு? அங்கேயும் சல்லிவன்கள் நிறைய. 1851 முதல் லேன்ஸ்டவுன் பிரபுவின் காரியஸ்தர் ட்ரென்ச், பஞ்சத்தில் அடிபட்ட குடியானவர்களை ஆயிரக்கணக்கில் கப்பல் கட்டணம் கொடுத்து நியூயார்க் அனுப்பினார் என்று படித்தேன். அவர்களில் பலர் ஃபைவ் பாயின்ட்ஸ் சேரியில் போய் விழுந்தார்கள். அந்த வழியாகவும் இருக்கலாமா?

பழைய பதிவேடு:

தகவல் சரி, ஆனால் அது ஒரு தலைமுறை முந்திய அலை, சுரங்கத் தொழிலும் கிடையாது. 1887, மிச்சிகன் என்ற தடத்துக்கு அலிஹீஸ்தான் பொருத்தம். அலிஹீஸ், ஐரீஸ் இரண்டும் பொய்த்துப்போனால் டுவோசிஸ்ட் பார்க்கலாம்.

சியாட்டில் மருமகள்:

ஒன்று கழிந்தது, ஐரீஸ் குழந்தை 1873இல் இறந்திருக்கிறது. மீதி இரண்டில் ஒன்றுக்கு ஞானத்தந்தை ஒரு மர்ஃபி. 1900இல் ஜெரி வீட்டில் தங்கியிருந்த இரண்டு சுரங்கத் தொழிலாளிகளில் ஒருவரும் மர்ஃபி, அதே முதல் பெயர், ஆனால் வயது ஜெரியைவிடக் குறைவு, அதனால் அதே ஆள் இல்லை, மகனாக இருக்கலாமோ? காப்பகத்துக்கு எழுதிவிட்டேன், பதில் வரவேண்டும்.

பழைய பதிவேடு:

மர்ஃபி பெரிய பெயர், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அந்த இளைய மர்ஃபிக்கும் திருமுழுக்கு தேடுங்கள், அப்பா பெயரும் டவுன்லேண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். காத்திருக்கும் நேரத்தில் 1901 அயர்லாந்து சென்சஸில் இரண்டு டவுன்லேண்டுகளையும் வீடு வீடாகத் திறந்து படியுங்கள், சின்ன ஊர்தான், அதிக நேரம் ஆகாது. வயதான டிம்மோ மேரியோ இருந்தால் கூட வசிக்கும் பிள்ளைகள் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், ஐரிஷ் பேசுவார்களா என்ற பத்தியையும் விடாதீர்கள், மாமியாருக்குச் சொன்னால் பிடிக்கும். 1911 படிவத்தில் மனைவிக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் உயிரோடு என்றும் கேட்டிருக்கிறார்கள். மேரி அதுவரை இருந்திருந்தால் அந்த எண்ணிக்கையை நீங்கள் கண்டெடுத்த திருமுழுக்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.