வேட்பாளரின் டிவி பேட்டிக்கு மார்க் போடுவது எப்படி?

நூலேணி (கேள்வி):
இதழியல் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: வேட்பாளரின் 20 நிமிடப் பேட்டியைப் பார்த்து 10க்கு மார்க் போட வேண்டும். ஒரே பேட்டிக்கு ஒருவர் 8 போடுகிறார், இன்னொருவர் 3. "தடுமாறாமல் பேசினார்" என்கிறார் முதலாமவர். "எதற்கும் பதில் சொல்லவில்லை" என்கிறார் அடுத்தவர். இரண்டுமே உண்மை. எதை வைத்து அளப்பது? நெறியாளர் குறுக்கே பேசியதை எப்படிக் கழிப்பது?

கரிசல்மண்:
வீடியோ ஓடும்போதே மார்க் போடுவதால் வரும் வினை இது. முகமும் குரலும் முந்திக்கொள்ளும். முதலில் பேட்டி முழுவதையும் எழுத்தில் இறக்குங்கள். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில். கேள்வியின் வினைச்சொல்லை அடிக்கோடிட்டு, பதிலில் அது இருக்கிறதா என்று தேடுங்கள்.

1997 மே 13, பிபிசியின் நியூஸ்நைட் நிகழ்ச்சி. பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்ட மைக்கேல் ஹோவர்டிடம் ஜெரமி பாக்ஸ்மன் கேட்டது இது: உள்துறை அமைச்சராக இருந்தபோது, சிறைத்துறைத் தலைவர் டெரெக் லூயிஸின் முடிவை மீறப்போவதாக மிரட்டினீர்களா? ஹோவர்ட் சொன்னதன் சாரம்: அவருக்கு உத்தரவிட எனக்கு அதிகாரம் இல்லை, உத்தரவிடவும் இல்லை. காதில் விழும்போது மறுப்பு மாதிரியே இருக்கும். எழுதிப் பாருங்கள்: கேட்டது 'மிரட்டினீர்களா', வந்தது 'உத்தரவிடவில்லை'. பதில் இன்னும் வரவில்லை.

அந்தக் கேள்வி ஏறக்குறைய 12 முறை திரும்ப வந்தது. அதற்காக 12 பூஜ்யம் போடாதீர்கள், ஒரே கேள்வி என்பதால் தாளில் ஒரே வரிசைதான். அடுத்த செய்தித் தொகுப்பு தயாராகாததால் கேள்வியை நீட்டினேன் என்று பாக்ஸ்மனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். எத்தனை முறை கேட்பது என்பது நெறியாளர் பொறுப்பு. நழுவியது மட்டும் வேட்பாளர் கணக்கில்.

நேரடிப் பதிலுக்கு 2, பாதிப் பதிலுக்கு 1, நழுவலுக்கு 0. பதில் தொடங்கி 10 விநாடிக்குள் நெறியாளர் வெட்டிவிட்டால் அந்த வரிசையையே எடுத்துவிடுங்கள். மிச்ச வரிசைகளின் மொத்தத்தை 10க்கு மாற்றிக்கொள்ளலாம்.

எண்சுவடி:
எண் வரும் பதில்களுக்குத் தனித் தாள் வையுங்கள். சொன்ன தொகையை ஆள் கணக்குக்கு வகுத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

2017 மே 2, பிரிட்டனின் எல்பிசி வானொலி. கூடுதலாக 10,000 போலீஸாரை எடுக்க என்ன செலவாகும் என்று லேபர் கட்சியின் டயான் அபட்டிடம் நிக் ஃபெராரி கேட்டார். முதல் பதில் 3 லட்சம் பவுண்டு. வகுத்தால் ஒருவருக்கு 30 பவுண்டு. உடனே திருத்திச் சொன்னது 8 கோடி பவுண்டு. அப்போதும் ஒருவருக்கு 8,000தான். கட்சியின் கணக்கோ நான்காம் ஆண்டில் சுமார் 30 கோடி, அதாவது ஆளுக்கு 30,000 பவுண்டு.

இதில் கூர்ந்து பார்க்க வேண்டியது: முதல் பிழை வாய் தவறியது. 'மில்லியன்' வர வேண்டிய இடத்தில் 'ஆயிரம்' வந்துவிட்டது, மற்றபடி எண் சரி. அதற்கு அரை மார்க் குறைத்தால் போதும். இரண்டாவது அப்படி இல்லை. எப்படி 8 கோடி என்று கேட்டபோது காட்ட வழிமுறை கையில் இல்லை. அதுதான் 0. பெரும்பாலானோர் முதல் பிழையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கனமான இரண்டாவதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

இந்த மார்க்கை வைத்துத் தேர்தல் முடிவைக் கணிக்க மட்டும் மாணவர்களை விடாதீர்கள். அடுத்த மாதத் தேர்தலில் அபட் 35,000க்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

நூலேணி:
நன்றி. "ஏன் போட்டியிடுகிறீர்கள்?" போன்ற பொதுக் கேள்விக்கு வினைச்சொல் பொருத்தம் உதவாதே?

வடகரை:
உதவாது. கரிசல்மண் சொன்னதில் எனக்குள்ள குறையும் அதுதான். 1979 நவம்பர் 4 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய பேட்டியில், ஏன் ஜனாதிபதியாக விரும்புகிறீர்கள் என்று செனட்டர் எட்வர்ட் கென்னடியிடம் ரோஜர் மட் கேட்டார். கென்னடி அமெரிக்காவின் இயற்கை வளம், படித்த மக்கள், தொழில்நுட்பம் என்று தட்டுத்தடுமாறி அடுக்கினார். எல்லாம் தலைப்பைச் சேர்ந்தவைதான், நழுவல் என்றும் சொல்ல முடியாது. அவர் ஏன் வர வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லை. மூன்று நாள் கழித்து வேட்புநிலையை அறிவித்தார். கட்சிக்குள் நடந்த போட்டியில் அப்போதைய ஜனாதிபதி கார்ட்டரிடம் தோற்றார்.

இம்மாதிரி பதிலில் பெயரை மறைத்துவிட்டு எதிர்க்கட்சி வேட்பாளர் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்படியே பொருந்தினால் 0. அவர் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு காரணம் இருந்தால் 1. அதை ஒரே வரியில் உங்களால் திருப்பிச் சொல்ல முடிந்தால் 2.

தடுமாற்றம், வியர்வை, கண் பார்வை எல்லாவற்றையும் கடைசியில் வீடியோவில் பாருங்கள். அதைத் தனிக் குறிப்பாக எழுதுங்கள், மொத்தத்தில் சேர்க்க வேண்டாம். சமூக ஊடகத்தில் சுற்றும் 30 விநாடி கிளிப்பை மாணவர்கள் முன்பே பார்த்திருந்தால் வேறு பேட்டியைக் கொடுங்கள்.