2024 அக்டோபரில் தமிழக வெற்றிக் கழகத்தின் (தவெக) முதல் மாநாட்டில் நடிகர் விஜய் பேசிய விக்கிரவாண்டிப் பேச்சை யாரோடு கேட்டீர்கள்? பக்கத்தில் இருந்தவர் என்ன செய்தார்?

வளவனூர்க்காரன்

அவர் சொன்ன பாசிசம், பாயாசம் பற்றி எல்லாரும் பேசித் தீர்த்தாச்சு. எனக்கு இன்னும் கண்ணில் நிற்பது எங்கள் ஊர் டீக்கடை மாஸ்டர்தான். பரம்பரையாகக் கருப்பு சிவப்புக் கரை, திமுக. கடை டிவியில் லைவ். பிளவுவாத சக்திதான் கொள்கை எதிரி என்று விஜய் சொன்னபோது, 'சரியாத்தான்யா பேசுறான்' என்று தலையாட்டினார். அடுத்து திராவிட மாடல், ஒரு குடும்பம், அரசியல் எதிரி என்று வந்ததா... பெஞ்சில் இருந்த பையன்கள் விசில். மாஸ்டர் வாய் திறக்கவில்லை. ஒரே டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். நுரை வழிந்து கை மேல் ஊற்றியும் நிறுத்தவில்லை. அப்புறம் ஒருத்தனிடம், "தம்பி, ஓட்டு வந்துடுச்சா?" என்றார். "அடுத்த வருஷம்ணா." "அப்ப 26-க்கு வந்துடுவ" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கிண்டலா கவலையா என்று இன்னும் பிடிபடவில்லை.

நடு சீட்டு

திருச்சியிலிருந்து சென்னைக்கு பஸ். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, அதுவும் விக்கிரவாண்டி டோல் பக்கம். சொல்லவே வேண்டாம். பஸ் நின்ற இடத்தில் நின்றது. யாரோ போனில் பேச்சைச் சத்தமாக வைக்க, பாதி பஸ் அந்த சீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது. கூட்டணிக்கு வருகிறவர்களுக்கு ஆட்சியிலும் பங்கு, அதிகாரத்திலும் பங்கு என்றதும் பின் சீட்டிலிருந்து ஒரே ஒரு கைதட்டல். திரும்பினால், நீலமும் சிவப்பும் கலந்த விடுதலைச் சிறுத்தைகள் துண்டு போட்ட பெரியவர். "எத்தனை வருஷமா நாங்க சுவத்துல எழுதுன கோஷம்யா இது" என்றார். "அப்ப அங்க போய்டுவீங்களா ஐயா?" என்று கண்டக்டர் கேட்டார். பெரியவர் பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். திண்டிவனத்தில் இறங்கும்வரை பேச்சே இல்லை.

மதுரை பழசு

வளவனூர்க்காரரே, அதில் பிடிபட என்ன இருக்கிறது? அது அனுபவச் சிரிப்பு. 2005-இல் மதுரையில் விஜயகாந்த் கட்சி ஆரம்பித்த கூட்டத்தில் நானே நின்றிருக்கிறேன். தலை தலையாக ஜனம். அடுத்த வருஷத் தேர்தலில் என்ன ஆனது? விருத்தாசலத்தில் அவர் மட்டும் ஜெயித்தார். உடனே 'பார்த்தீர்களா, கூட்டம் ஓட்டாகாது' என்பார்கள். அதையும் நான் ஒப்பமாட்டேன். தனியாக நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கினார். 2011-இல் எதிர்க்கட்சித் தலைவர். எட்டு சதவீதம் யாரைக் கவிழ்க்கும், யாரை ஏற்றிவிடும் என்பது உங்கள் மாஸ்டருக்குத் தெரியும். அதனால்தான் டீ வழிந்தது. என் அனுபவமா? வீட்டில் தனியாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

தமிழம்மா

அரசியல் வேண்டாம், வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். விஜய் கடைசியில் ஒரு கதை சொன்னாரே, பச்சைப்பிள்ளை படை நடத்திப் போருக்குப் போனான், என்ன ஆச்சு என்று படித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று? திங்கள்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குள் காலை வைத்ததும், "மிஸ், அந்தச் சின்னப் பையன் யாரு?" இத்தனை வருடத்தில் புறநானூற்றை என்னிடம் யாரும் கேட்டு வாங்கியதில்லை. விட்டேனா! தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். எதிரே சேரன், சோழன், ஐந்து வேளிர் என்ற குறுநில மன்னர்கள். இடைக்குன்றூர் கிழாரின் 77-ஆம் பாட்டைக் கரும்பலகையில் எழுதினேன். சதங்கை கழற்றிய காலில் கழல்; கழுத்தில் பிள்ளைத்தாலி இன்னும் கிடக்கிறது; பாலை விட்டு இன்றுதான் சோறு தின்றிருக்கிறான். "ஜெயிச்சானா மிஸ்?" ஜெயித்தான் என்றதும் மேசை தட்டல். அப்போது ஒரு பெண் எழுந்தாள். "ஆனா மிஸ், அவன் ராஜா மகன்தானே? அவனும் குடும்பத்தால வந்தவன்தானே?" நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. பக்கத்து வகுப்பு சார் பிரம்போடு வந்து எட்டிப் பார்த்தார். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

கடலூர் கண்ணன்

நேரில் போனவன் நான். சுதந்திரப் போராட்ட வீராங்கனை அஞ்சலையம்மாள் கட்அவுட் முன்னால் என் அப்பாயி கையெடுத்துக் கும்பிட்டது, எங்கள் ஊர்க்காரி என்று. அவ்வளவுதான் என் கதை. ஆனால் இனிமேல் எந்தக் கட்சி மாநாட்டுக்குப் போகிறவரும் இதைக் கேளுங்கள். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். அன்றைய வெயிலில் எத்தனை பேர் மயங்கினார்கள் என்று டிவியிலேயே பார்த்தீர்கள். காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வேனை நிறுத்திய இடத்தை போட்டோ எடுத்து வையுங்கள், இருட்டில் எல்லா வேனும் ஒரே மாதிரிதான் இருக்கும். சிக்னல் கிடைக்காது, அதனால் எத்தனை மணிக்கு எங்கே சேர்வது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். தடுப்புக் கம்பி பக்கம் நிற்கவே நிற்காதீர்கள். கைக்குழந்தை வேண்டாம். திரும்பும்போது டிரைவர் தூங்கினாரா என்று கேட்டு, தூங்காவிட்டால் அவரை ஒரு மணி நேரம் படுக்க வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

நடு சீட்டு

கண்ணன், அப்பாயியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டுக் கைக்குழந்தை வேண்டாம் என்கிறீர்கள்! அவர் வீட்டுக்கு வந்து என்ன சொன்னார், அதைச் சொல்லுங்கள்.

இரட்டைக் கண்

எங்கள் வீட்டில் அண்ணன் நாம் தமிழர், தம்பி தவெக. நடுவில் நான். திராவிடமும் தமிழ்த் தேசியமும் நம் இரு கண்கள் என்று விஜய் சொன்ன நொடியில், அதுவரை தம்பியோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். சில நாளில் அவன் தலைவர் சீமான், ஒன்று இந்தப் பக்கம் நில், இல்லை அந்தப் பக்கம் நில், ரோட்டு நடுவில் நின்றால் லாரி அடித்துவிடும் என்று பேசினார் அல்லவா? அதிலிருந்து தம்பி கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் அண்ணன் வாயாலேயே லாரி ஹாரன் அடிக்கிறான். அம்மா ரிமோட்டை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறாள்.