குளம் இரண்டு, மீன் ஒரே இனம்: கணக்கு ஏன் உதைக்கிறது?

கயல்:
இரண்டு குளங்களிலிருந்து குளத்துக்கு 100 மீன் வீதம் எடுத்து, ஒரு மரபணுவில் அ, ஆ என்ற இரண்டு அல்லீல்களை (அதே மரபணுவின் இரண்டு வடிவங்களை) எண்ணினேன். மொத்தத்தில் பாதிக்குப் பாதி. மீன்கள் பாகுபாடில்லாமல் இணை சேர்ந்தால் என்ன விகிதம் வரும் என்று சொல்கிற ஹார்டி-வைன்பெர்க் கணக்குப்படி 200 மீன்களில் 100 மீன் இரண்டு அல்லீலையும் சுமக்க வேண்டும், ஆனால் கிடைத்தது வெறும் 36. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடக்கிறதா, இல்லை நான் எங்கேயாவது தப்புச் செய்துவிட்டேனா?

மாறன்:
குளம் வாரியாகப் பிரித்துப் பார்த்தீர்களா?

கயல்:
இப்போதுதான் பார்த்தேன். முதல் குளத்தில் அ 90%, இரண்டாவதில் 10%. இரண்டு அல்லீலையும் சுமக்கிற கலப்பு மீன்கள் இரண்டு குளத்திலும் பதினெட்டுப் பதினெட்டு.

மாறன்:
அப்படியென்றால் தப்பு எதுவும் இல்லை. 2 × 0.9 × 0.1 = 0.18, அதாவது 100க்கு 18, ஒவ்வொரு குளமும் தனக்குள் சரியாகத்தான் இருக்கிறது. தனித்தனியாக இனப்பெருக்கம் செய்கிற இரண்டு கூட்டங்களை ஒன்றாகக் கொட்டி எண்ணியதால் வந்த பற்றாக்குறை இது, 1928இல் வாலுண்ட் விளக்கியதால் வாலுண்ட் விளைவு என்பார்கள். எதிர்பார்த்த 0.5இலிருந்து 0.18ஐக் கழித்து 0.5ஆல் வகுத்தால் 0.64. இதுதான் மரபியலாளர் சீவல் ரைட்டின் எஃப்எஸ்டி (FST), கூட்டங்கள் எவ்வளவு பிரிந்திருக்கின்றன என்பதற்கான அளவு. பூஜ்யம் என்றால் பிரிவே இல்லை, 1 என்றால் முழுப் பிரிவு, உங்களுடையது மிகப் பெரிய எண்.

கயல்:
சரி, மீன்கள் கொஞ்சமாவது இடம் மாறினால் இந்த வித்தியாசம் குறையாதா?

நிலா:
குறையும், அதற்கு நாம் நினைப்பதைவிடக் குறைந்த வரவே போதும். பல கூட்டங்கள் தங்களுக்குள் சம அளவில் இடம் மாறுவதாக வைத்துக்கொள்ளும் ரைட்டின் தீவு மாதிரியில், காலப்போக்கில், தலைமுறைக்கு ஒரே ஒரு மீன் வந்து இனப்பெருக்கம் செய்தாலே எஃப்எஸ்டி 0.2 அளவில் நின்றுவிடும், குளத்தில் 50 மீன் இருந்தாலும் சரி, 5,000 இருந்தாலும் சரி. முதலில் எனக்கும் இது நம்பும்படியாக இல்லை. சின்னக் கூட்டத்தில் தற்செயலாலேயே அல்லீல் விகிதம் வேகமாக அலையும், ஆனால் அங்கே வருகிற ஒரு மீனின் பங்கும் பெரிது. பெரிய கூட்டத்தில் இரண்டுமே சிறிது, அதனால் சமமாகிவிடுகிறது. ஆனால் வந்தால் மட்டும் போதாது, எந்த விலங்கானாலும் சந்ததி விட வேண்டும்: 1995இல் ஃப்ளோரிடா பாந்தர்களை (அங்கே அருகிப்போன பூமாக் கூட்டத்தை) காப்பாற்ற டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவிட்டார்கள், ஈன்றது அவற்றில் 5 மட்டுமே, அதுவே அந்தக் கூட்டத்தை மீட்டது.

மாறன்:
கயல், ஒரே மரபணுவை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். இன்னும் பத்துப் பதினைந்து மரபணுக்களைப் பாருங்கள். எல்லாவற்றிலும் இதே இடைவெளி இருந்தால் குளங்களுக்கு நடுவே மீன் போக்குவரத்து கிட்டத்தட்ட இல்லை. இது ஒன்றில் மட்டும் என்றால் இயற்கைத் தேர்வு இரண்டு குளங்களையும் வேறு வேறு பக்கம் இழுக்கிறதோ என்று தோண்ட வேண்டும், எனக்கு அதுதான் இன்னும் சுவாரஸ்யம்.