மாரியில பிள்ளைகளுக்கு வாற காய்ச்சல் இருமல், இத யார் எண்ணுறாங்க?

உப்புவெளி ரீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை உப்புவெளியில ஒரு முன்பள்ளில படிப்பிக்கிறன், இடாப்புல 27 பிள்ளைகள், போன திங்கள் வந்தது 14 பேர்தான். மிச்சப் பேருக்கு தடிமன், காய்ச்சல், இருமல், ஒரு பிள்ளைக்கு முட்டு வந்து ஆஸ்பத்திரில வச்சு நெபுலைஸ் பண்ணினவங்க, அந்தப் பிள்ளை திரும்பி வந்து மடியில சாய்ஞ்சு படுத்தது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. அம்மாமார் எல்லாம் இந்த வருசம்தான் மோசம் எண்டு சொல்றாங்க. உண்மையாவே கூடவா, இல்ல ஒவ்வொரு மாரிக்கும் இப்பிடித்தானா? டெங்குக்கு கணக்கு சொல்றாங்க, இதுக்கு யாராவது கணக்கு வச்சிருக்காங்களா? தடுப்பூசி எத்தின பிள்ளைக்குப் போட்டிருக்கு எண்டும் அறிய விருப்பம்.

பென்ஷன் பிஎச்ஐ:
ரீச்சர், நல்ல கேள்வி. டெங்கு, எலிக்காய்ச்சல், குக்கல் (கக்குவான் இருமல்), சின்னமுத்து (தட்டம்மை) மாதிரி வருத்தங்கள் அறிவிக்க வேண்டிய லிஸ்ட்ல இருக்கு, டொக்டர் சந்தேகப்பட்ட உடனயே எச் 544 ஃபோம் நிரப்பி எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிசுக்கு அனுப்போணும், பிறகு பிஎச்ஐ, அதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீட்டுக்கே போய் விசாரிப்பார், நானும் அப்பிடி வெயில்லயும் மழையிலயும் சைக்கிள் மிதிச்சவன்தான். ஆனா சாதாரண தடிமன் காய்ச்சல ஒவ்வொண்டா அப்பிடி எண்ண ஏலாது, முக்காவாசிப் பேர் பனடோலும் கொத்தமல்லித் தண்ணியும் குடிச்சு வீட்டிலயே மாத்திப்போடுவாங்க. அதால வேற வழி வச்சிருக்காங்க: நாடு முழுக்க தெரிவு செஞ்ச ஆஸ்பத்திரிகள்ல, ஓபிடிக்கு (வெளிநோயாளர் பகுதிக்கு) வாற ஆக்கள்ல 38 பாகையோ அதுக்கு மேலயோ காய்ச்சலும் இருமலும் இருந்து, தொடங்கி 10 நாளுக்குள்ள வந்தவங்க எத்தின பேர் எண்டு எண்ணுவாங்க. அதே குணங்குறியோட வார்ட்ல படுக்க வேண்டி வந்தா அது வேற கணக்கு. கொஞ்சப் பேர்ட தொண்டைல மூக்கில பஞ்சுக் குச்சி விட்டு எடுத்து, குளிர்ப் பெட்டில வச்சு கொழும்பு பொரளையில இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்புவாங்க, இன்ஃபுளுவென்சாவா (ஃப்ளூவா), எந்த வகை எண்டு அங்கதான் பார்க்கிறது. எங்கட நாட்டில இது பெரும்பாலும் ரெண்டு தரம் ஏறும், ஏப்ரல் தொட்டு ஜூன் வரைக்கும் ஒருக்கா, நவம்பர் தொட்டு ஜனவரி வரைக்கும் ஒருக்கா. எங்கட பக்கம் அந்த ரெண்டாவது, வாடைக்காத்தும் மாரியும் சேர்ந்த நேரத்தில வரும்.

அறிவிக்க வேண்டிய வருத்தங்களுக்கு, சுகாதார அமைச்சிட தொற்றுநோயியல் பிரிவு கிழமைக்கு ஒருக்கா அறிக்கை போடும், திருகோணமலைக்கு தனி வரியே இருக்கு. அதில கடைசிப் பக்கமா இருக்கிற ரெண்டு நிரலையும் கட்டாயம் பாருங்க, எத்தின ஒஃபிசில இருந்து ரிப்போட் வந்தது, நேரத்துக்கு வந்ததா எண்டு வீதம் இருக்கும். அது குறைஞ்ச கிழமையில வருத்தம் குறைஞ்சது எண்டு நினைச்சா பிழை, ரிப்போட்தான் வரல்ல.

கிண்ணியா உம்மா:
எங்கட மாமி ஹஜ்ஜுக்குப் போக முந்தி ஃப்ளூ ஊசி போட்டவ, பிறகும் காய்ச்சல் வந்தது. வார்ட்ல படுத்தவங்களிலயும் பாதிக்கு மேல ஊசி போட்டவங்கதான் எண்டு ஒருத்தர் சொன்னார். அப்ப காசு குடுத்துப் போட்டு என்ன பிரயோசனம்? மனசுக்குக் கவலையா இருக்கு, அதான் கேக்கிறன்.

கணக்குத் தம்பி:
அக்கா, இந்த இடத்திலதான் கனபேர் தடுமாறுறது. கணக்குக்கு ஒரு ஊர எடுப்பம், 60 வயசு தாண்டின 200 பேர், 150 பேர் ஊசி போட்டவங்க, 50 பேர் போடாதவங்க. போட்டவங்களில 15 பேருக்கு வருத்தம், போடாதவங்களில 10 பேருக்கு. வருத்தக்காரர் 25 பேரையும் மட்டும் பார்த்தா 15 பேர் ஊசி போட்டவங்க, நூத்துக்கு 60, ஊசி வேலை செய்யல்ல எண்டுதான் தோணும். ஆனா போட்டவங்களில நூத்துக்கு 10 பேருக்குத்தான் வந்தது, போடாதவங்களில நூத்துக்கு 20 பேருக்கு வந்தது. அப்ப ஊசி பாதியாக் குறைச்சிருக்கு. ஃப்ளூ ஊசி நல்லாப் பொருந்தின வருசத்திலயும் 40 முதல் 60 வீதம்தான் காக்கும், மாமிக்கு வந்ததில ஆச்சரியம் இல்ல, ஊசி இல்லாட்டி இன்னும் கடுமையா வந்திருக்கலாம். ஊசி பிடிக்க ரெண்டு கிழமை வேணும், அதால மழை தொடங்க முந்தியே போடுங்க. வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறதால ஒவ்வொரு வருசமும் திரும்பப் போடோணும்.

ஆனா இந்தக் கணக்கப் போட ஊர்ல மொத்தம் எத்தின பேர் போட்டவங்க எண்டு தெரியோணும். ஃப்ளூ ஊசிய எங்கட ஆக்கள் காசு குடுத்து வெளியில போடுறாங்க, அது ஒரு இடத்தில ஒழுங்காப் பதிஞ்சு கிடந்தாத்தானே சொல்லலாம்.

மிட்வைஃப் மிஸ்:
ரீச்சர்ட ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றன். சின்னப்பிள்ளை ஊசிகள் எங்கட பதிவேட்டில ஒவ்வொரு பேரா இருக்கு. 2, 4, 6 மாசத்தில போடுற ஐங்கூட்டு ஊசிலயே குக்கலுக்கும் தொண்டைக்கரப்பானுக்கும் (டிப்தீரியாவுக்கும்) மருந்து இருக்கு, 18 மாசத்தில ரெண்டுக்கும் பூஸ்டர், 5 வயசில தொண்டைக்கரப்பானுக்கு பூஸ்டர். ஃப்ளூ ஊசி இந்த இலவச அட்டவணைல இல்ல. எங்களுக்குக் கஷ்டம் எங்க எண்டா, பிள்ளைப்பேறுக்கு தாய் வீடு மூதூருக்குப் போறவ, பிள்ளைக்கு முதல் ரெண்டு ஊசியும் அங்க போட்டிட்டு இங்க திரும்பி வாறா, பிள்ளைட பேர் ரெண்டு ஏரியாலயும் இருக்கும், இல்ல ஒண்டிலயும் இருக்காது. அதாலதான் சில நேரம் ஒரு கிளினிக்கில ஊசி போட்ட பிள்ளைகள்ட வீதம் நூத்துக்கு நூறு தாண்டியும் வரும், பக்கத்து ஏரியால குறைஞ்சு நிக்கும். 18 மாச ஊசியத்தான் கனக்க விடுறாங்க, பிள்ளை ஓடித் திரியுது, அம்மா வேலைக்குப் போயிட்டா. பிள்ளைகள்ட ஊசிக் கார்டைப் பாருங்க ரீச்சர், கையெழுத்து இல்லாத கட்டம் இருந்தா எனக்குச் சொல்லுங்க.

பென்ஷன் பிஎச்ஐ:
ரீச்சர், இடாப்பையும் சின்னதா நினைக்காதீங்க. வராத பிள்ளைக்கு எதிரால காய்ச்சலோ வேற காரணமோ எண்டு ஒரு எழுத்துப் போடுங்க, கிழமைக் கடைசில 27ல எத்தின பேர் எண்டு எழுதுங்க. நடுவில முறைய மாத்தாதீங்க, அடுத்த மாரிக்கு ஒப்பிட அதுதான் கைகுடுக்கும்.

உப்புவெளி ரீச்சர்:
எல்லாருக்கும் கனக்க நன்றி. நேற்று போன வருச இடாப்ப எடுத்துப் பார்த்தன், அப்பவும் ஜனவரில ஒரு கிழமை பாதிப் பிள்ளைகள் இல்ல, இந்த முறை அது ரெண்டு கிழமை முந்தியே தொடங்கியிருக்கு. காரணம் எழுதாததால காய்ச்சலா வெள்ளமா எண்டு தெரியல்ல, இனி எழுதுவன். கார்டும் கேட்டன், 22 பேர் கொண்டு வந்தவங்க. ரெண்டு பிள்ளைக்கு 18 மாசக் கட்டம் வெறுமையா இருக்கு, ரெண்டு பேரும் வேற இடத்தில இருந்து குடி வந்த ஆக்கள். மிஸ், அந்த ரெண்டு அம்மாமாரையும் அடுத்த கிளினிக் நாள் நானே கூட்டிக்கொண்டு வாறன்.