இத்தாலிய வினைமுற்றுகள்: அசையை எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

கேள்வி (ரோஸ் ஹில்)

வணக்கம். இத்தாலியின் கத்தானியா நகரில் வேலை பார்க்கும் தம்பியின் குடும்பத்தோடு சில மாதங்கள் தங்கப் போவதால் இத்தாலியம் கற்று வருகிறேன். 'நேசிக்கிறார்கள்' என்னும் பொருளுடைய வினையை, பிரெஞ்சும் கிரியோலும் பேசிப் பழகிய என் வாய் 'அமனோ' என்று கடைசி அசையை அழுத்தியே சொல்கிறது. அழுத்தம் விழும் இடத்தை எப்படி அறிவது? மேலும், 'முடிக்கிறேன்' என்பதற்கான 'ஃபினிஸ்கொ'வைப் பாடநூல் 'ஃபி-னி-ஸ்கொ' என்று பிரிக்கிறது. என் காதில் 'ஃபி-னிஸ்-கொ' என்றுதான் விழுகிறது. எது சரி?

மறுமொழி (குவாத்ர் போர்ன்)

கத்தானியாவில் நம் மொரீஷியஸ் தீவினர் பலர் இருப்பதால் கிரியோலை வைத்தே ஓரளவு சமாளித்துவிடலாம். ஆனாலும் கேட்டது நல்ல கேள்வி. ஒழுங்கான வினைகளின் நிகழ்காலத்தில் தன்மை ஒருமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் எந்த அசை அழுத்தம் பெறுகிறதோ, படர்க்கைப் பன்மையிலும் அதே அசைதான் பெறும். 'ஆமொ' என்பதிலிருந்து 'ஆமனொ' வரும். 'தெலேஃபொனொ' என்பதிலிருந்து வரும் 'தெலேஃபொனனொ'வில் அழுத்தம் கடைசியிலிருந்து நான்காம் அசைக்கே போய்விடுகிறது. தன்மைப் பன்மையிலும் முன்னிலைப் பன்மையிலும் மட்டும் அது இடம் பெயர்ந்து 'அமியாமொ', 'அமாதெ' ஆகும். இறந்தகால வடிவங்களான 'அமாவனொ', 'அமாரொனொ' இரண்டிலும் 'மா'வே அழுத்தம் பெறும்.

நான் நெடில் இட்ட இடங்களைக் கவனியுங்கள். இத்தாலியத்தில் உயிரின் நீளம் பொருளை மாற்றாது. ஆனால் மெய்யில் முடியாத அசை அழுத்தம் பெற்றால், அது சொல்லின் இறுதி அசையாக இல்லாதவரை, உயிர் நீளும். ஆகவே நம் நெடிலே இங்கு அழுத்தக் குறியாக உதவுகிறது. தமிழ்ச் சொல்லின் ஈற்றில் ஒகரக் குறில் பொதுவாக வராது என்பதால் 'னோ' என்று நீட்டத் தோன்றும். அதைக் குறிலாகவே நிறுத்துங்கள். இறுதி அசை அழுத்தம் பெறும்போது எழுத்திலேயே குறி இருக்கும். 'நேசிக்கிறேன்' என்பதையும் 'நேசித்தான்' என்பதையும் வேறுபடுத்துவது கடைசி எழுத்தின் மேலுள்ள அந்தச் சிறு கோடுதான்.

மறுமொழி (போர்ட் லூயிஸ்)

இரண்டாவது ஐயத்திற்கு: பாடநூல் சொல்வது வரியின் முடிவில் சொல்லை உடைக்கும் எழுத்து முறை. அம்முறையில் ஸகரம் பின்வரும் மெய்யோடு அடுத்த அசைக்குப் போகும். இரட்டித்த மெய்யோ நடுவில் பிரியும். ஒலிப்பில் அப்படியில்லை. 'ஃபினிஸ்கொ'வில் அழுத்தம் 'னி'யின் மேல் விழுந்தும் அது 'னீ' என்று நீளாததால், ஸகரம் அந்த அசையை அடைத்து நிற்கிறது என்றே ஒலியியலார் பலர் கொள்கின்றனர். அந்த வகையில் உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. முன்னிலை ஒருமையில் அதே எழுத்துகள் இகரத்தின் முன் வருவதால் ஒலி மாறி, 'ஃபினிஷ்ஷி' என்று இரட்டிக்கும்.

இரட்டிப்பில் பிரெஞ்சுப் பழக்கம் நமக்குத் துணை வராது; 'புளி', 'புள்ளி' என்று பிரித்துக் கேட்கும் தமிழ்க் காது வரும். 'அமெரேமொ' என்றால் 'நேசிப்போம்'. 'அமெரெம்மொ' என்றால், ஏதோவொரு நிபந்தனையின் பேரில்தான் நேசிப்போம்!

கேட்டவர் (ரோஸ் ஹில்)

மிக்க நன்றி. 'அஞ்சுதல்' என்பதற்கு அகராதியில் 'தெமேரெ' என்று உள்ளது. அப்படியானால் 'அஞ்சுகிறார்கள்' என்பதிலும் 'மெ'தான் அழுத்தம் பெறுமா?

மறுமொழி (குவாத்ர் போர்ன்)

இல்லை. அகராதி வடிவின் அழுத்தம் இதற்கு வழிகாட்டாது. தன்மை ஒருமை 'தேமொ' என்பதால் 'தேமொனொ' என்றே சொல்ல வேண்டும்.