வில்லனையே நாயகிக்கு ஜோடியாக்கச் சொல்லும் வாசகர்களுக்கு என்ன பதில் சொல்வது?

மாலைவெயில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இணையத்தில் வாரம் ஓர் அத்தியாயமாகத் தொடர்கதை ஒன்று எழுதி வருகிறேன். இதுவரை 28 அத்தியாயங்கள் வந்துள்ளன. நாயகியின் தந்தை கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுத்த நிலத்தை அபகரித்து, தட்டிக்கேட்ட அவளுடைய தம்பியைப் பொய்யான திருட்டு வழக்கில் சிக்கவைத்துச் சிறைக்கு அனுப்பும் வட்டிக்கடைக்காரர் மகன்தான் கதையின் வில்லன். மூன்று அத்தியாயங்களில் வந்து போக வேண்டியவன் அவன். ஆனால் 12ஆம் அத்தியாயத்தில், மழையில் ஒதுங்கி நின்ற நாயகியிடம் குடையைக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நனைந்துகொண்டே போனான். அன்று பிடித்தது சனி. "அவன் உள்ளுக்குள் நல்லவன்", "இவளால்தான் அவனைத் திருத்த முடியும்", "தயவுசெய்து இருவரையும் சேர்த்து வையுங்கள்" என்று பின்னூட்டங்கள் வந்த வண்ணம் இருக்கின்றன. அவளை உண்மையாகவே நேசிக்கும் பள்ளி ஆசிரியரை "உப்புச் சப்பில்லாதவர்" என்று ஒரு வாசகி ஒதுக்கியே விட்டார்.

வாசகர்களைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. எழுதும்போது எனக்கே அவன் வரும் காட்சிகள்தான் சரளமாக வருகின்றன. முன்பு எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கல் வந்ததுண்டா, வந்திருந்தால் எப்படிக் கையாண்டார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

நூலகப்பூனை எழுதியது:

உங்களுக்கு வந்திருக்கும் இந்தச் சிக்கலுக்கு ஏறக்குறைய 280 வயது ஆகிறது. லண்டனில் அச்சகம் நடத்தி வந்த சாமுவேல் ரிச்சர்ட்சன், 'கிளாரிஸா' என்ற நாவலை 1747 டிசம்பர் முதல் 1748 டிசம்பர் வரை மூன்று தவணைகளாக, ஏழு தொகுதிகளில் வெளியிட்டார். முழுக்க முழுக்கக் கடிதங்களாலான நாவல் அது. வீட்டார் வற்புறுத்தும் திருமணத்திலிருந்து தப்ப வழி தேடும் கிளாரிஸாவை, லவ்லேஸ் என்ற செல்வந்தன் தந்திரமாக வெளியே கொண்டுவந்து, கௌரவமான விடுதி என்று நம்பவைத்து ஒரு விபசார விடுதியில் அடைத்து வைக்கிறான். இறுதியில் மயக்க மருந்து கொடுத்து வன்புணர்வு செய்கிறான். இதைவிடத் தெளிவான வில்லனைப் படைக்க முடியுமா?

ஆனாலும் கடைசித் தொகுதிகள் வெளிவருவதற்கு முன்பே, கதை சோகத்தில் முடியப்போகிறது என்று கேள்விப்பட்ட வாசகர்கள் லவ்லேஸைத் திருத்தி அவளுக்கு மணம் முடித்துவைக்கும்படி ஆசிரியரை மன்றாடினார்கள். அவர்களில் முக்கியமானவர் பிராட்ஷா சீமாட்டி. அவர் முதலில் புனைபெயரில் கடிதம் எழுதி, ரிச்சர்ட்சனோடு நீண்ட வாதமே நடத்தினார். அவருடைய சகோதரி எக்லின் சீமாட்டியோ ஒருபடி மேலே போய், தானே ஒரு மாற்று முடிவை எழுதினார். இன்றைய ரசிகர் புனைவுக்கு அவரை முன்னோடி என்றே சொல்லலாம்.

ரிச்சர்ட்சன் இறங்கி வரவில்லை. திருந்திய காமுகனே சிறந்த கணவன் என்ற எண்ணம் ஆபத்தானது என்பதை எச்சரிப்பது நூலின் நோக்கங்களில் ஒன்று என்று முன்னுரையிலேயே அவர் குறிப்பிட்டிருந்தார். எனினும் வாசகர்கள் லவ்லேஸை வெறுக்கவில்லை என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் 1749ஆம் ஆண்டுப் பதிப்பில், அவன் செய்வதன் உட்பொருளைச் சுட்டும் அடிக்குறிப்புகளைச் சேர்த்தார். 1751ஆம் ஆண்டுப் பதிப்பில், கிளாரிஸாவின் தோழியையும் அந்தத் தோழியின் தாயையும் கடற்பயணத்தில் வைத்துச் சீரழிக்க அவன் தீட்டும் திட்டத்தையும் நுழைத்தார். கதைக்கு உள்ளே போதுமான அளவு கருமை பூசாமல் விட்டுவிட்டோமோ என்ற பதற்றம் இந்தச் சேர்க்கைகளில் தெரிகிறது. அடிக்குறிப்பைப் படித்துவிட்டு யாராவது ஒருவனை நேசிப்பதை நிறுத்தியிருப்பார்களா என்பது என் ஐயம்.

என் பார்வையில் அவர் சறுக்கிய இடம் வேறு. லவ்லேஸின் கையில் பேனாவைக் கொடுத்தார். நாவலிலேயே நகைச்சுவையும் துள்ளலும் மிகுந்த கடிதங்கள் அவனுடையவை. தன் கொடுமைகளை நண்பனுக்குச் சுவையாக அளந்துகொண்டே போகும் அந்த வாயாடி, வன்புணர்வுக்குப் பின் இரண்டு மூன்று வரிகளில் கடிதத்தை முடித்துக்கொள்கிறான். அந்த ஒரு கடிதம் எல்லா அடிக்குறிப்புகளையும்விட வலுவானது. உங்கள் கதையில் அவன் வரும் காட்சிகள் யாருடைய கண் வழியாகச் சொல்லப்படுகின்றன என்று ஒருமுறை பாருங்கள்.

நெய்தல்கரை எழுதியது:

நூலகப்பூனையின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் வாசகர்களைத் தவறாகப் படித்தவர்கள்போலக் காட்டுவதை ஏற்க இயலவில்லை. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தவரே ரிச்சர்ட்சன்தான். 1740இல் வந்த 'பமேலா'வில், பணிப்பெண்ணைத் தொல்லைப்படுத்தி, கடத்திச் சிறைவைக்கும் எசமானன் கடைசியில் மனம் திருந்தி அவளையே மணக்கிறான். வாசகர்கள் அதைக் கொண்டாடினார்கள். அடுத்த நாவலிலும் அதையே எதிர்பார்த்தவர்களை எப்படிக் குற்றம் சொல்வது?

மேலும், கதையில் ஒரு கொடியவனை விரும்புவதும் வாழ்க்கையில் அவனுக்குக் கழுத்தை நீட்டுவதும் ஒன்றல்ல என்பது எந்த வாசகிக்கும் தெரியும். ஊரையே மிரட்டுகிறவன் ஒருத்தியின் முன்னால் மட்டும் சொல்லிழந்து நிற்பதில் இருக்கும் ஈர்ப்பு, உங்கள் குடைக் காட்சியிலேயே இருக்கிறது. அதை எழுதியவர் நீங்கள். பள்ளி ஆசிரியர் பாத்திரம் உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது என்றால், அது வாசகியின் ரசனைக் கோளாறு அல்ல, அவருக்கு நீங்கள் ஒரு நல்ல காட்சியைக்கூடக் கொடுக்கவில்லை என்பதன் விளைவு.

நூலகப்பூனை எழுதியது:

'பமேலா' விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1847இல் எமிலி பிராண்ட்டே எழுதிய 'உதரிங் ஹைட்ஸ்' நாவலில், இஸபெல்லா என்ற பெண் ஹீத்க்ளிஃபைக் காதலித்து வீட்டை விட்டு அவனோடு போகிறாள். போகிற இரவிலேயே அவளுடைய செல்ல நாயைத் தூக்கில் தொங்கவிடுகிறான் அவன். இதைக் கண்ட பிறகும் தன்னைக் காதல்கதை நாயகனாகக் கற்பனை செய்துகொண்டு வந்தாளே என்று பின்னர் அவனே எள்ளி நகையாடுகிறான். வாசகர் செய்யக்கூடிய பிழையை நாவலே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. ஆனால் 1939இல் வந்த ஹாலிவுட் படம் கதையின் பிற்பாதியை, அதாவது அடுத்த தலைமுறைப் பிள்ளைகளை அவன் வதைக்கும் பகுதியை, அப்படியே விட்டுவிட்டது. மீதியை மட்டும் பார்த்தால் அவன் காவியக் காதலனாகத்தான் தெரிவான். எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதும் வில்லனை நாயகனாக்கிவிடும்.

கரிசல்தூசி எழுதியது:

எல்லாரும் இங்கிலாந்துக்கே போய்விட்டீர்கள். கல்கி 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் இதே கணக்கு வேறு விதமாகப் போடப்பட்டிருக்கிறது. நந்தினியை வில்லி என்றும் ஆதித்த கரிகாலனை அவளிடம் மனத்தைப் பறிகொடுத்த இளவரசன் என்றும்தான் நாம் வழக்கமாகப் பேசுகிறோம். கொஞ்சம் நந்தினியின் பக்கம் போய் நின்று பாருங்கள். காயம்பட்டுக் கிடக்கும் பாண்டிய மன்னன் வீரபாண்டியனுக்காக அவள் கரிகாலனிடம் உயிர்ப்பிச்சை கேட்கிறாள். அவள் கண்ணெதிரேயே கரிகாலன் வீரபாண்டியனின் தலையை வெட்டுகிறான். அவளுடைய கதையில், அவளைக் காதலிக்கும் வில்லன் கரிகாலன்தான். ஆணவமும் கோபமும் அழகும், செய்ததை நினைத்து நினைத்துக் குமையும் மனமும் கொண்ட அவன், இன்றைய இணையத் தொடர்களில் 'ஆன்டி ஹீரோ' என்று அழைக்கப்படுபவனுக்கு எந்த வகையிலும் குறைந்தவனல்ல.

கல்கி அவனை மன்னிக்கும் பொறுப்பை நந்தினியின் தலையில் ஏற்றவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கரிகாலனின் வேதனையை முழுதாகக் காட்டுகிறார். நமக்கு அவன்மீது இரக்கம் வருகிறது. ஆனால் அந்த வேதனை வீரபாண்டியனின் தலைக்கு விலையாகிவிடுவதில்லை. கடம்பூர் மாளிகையில் அவன் சாகிறான். யாருடைய கை அவனைக் கொன்றது என்பதைக்கூடக் கல்கி ஐயமறச் சொல்வதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: வில்லன் என்றால் திருத்திக் கரம்பிடிக்க வேண்டும் என்று துடிக்கும் நமக்கு, நந்தினி திருந்தி நல்ல மனைவியாக வாழ வேண்டும் என்று தோன்றுவதே இல்லை. அந்தச் சலுகையை ஆண்களுக்கு மட்டும்தான் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

ஆகவே உங்கள் வட்டிக்கடைக்காரர் மகன் நாயகியை உண்மையாகவே காதலிக்கட்டும், உருகட்டும். நிலப்பத்திரம் அவன் பெட்டியில் இருக்கும்வரை அந்த உருக்கத்துக்கு என்ன மதிப்பு என்பதை நாயகி கேட்கட்டும்.

மாலைவெயில் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நூலகப்பூனை சொன்னபடி 12ஆம் அத்தியாயத்துக்குப் பிந்தைய பகுதி முழுவதையும் திரும்பப் படித்தேன். பாதிக்கு மேல் அவன் கண் வழியாகவே சொல்லியிருக்கிறேன். நிலம் என்ற சொல் நான்கு அத்தியாயங்களாக வரவே இல்லை. சிறையில் இருக்கும் தம்பி என்ன ஆனான் என்று பின்னூட்டத்தில் ஒருவரும் கேட்காதது எனக்கு வருத்தமாக இருந்தது. கதையிலும் அவனைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. 29ஆம் அத்தியாயத்தைத் தம்பியைப் பார்க்க நாயகி கிளைச் சிறைக்குப் போகும் நாளாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். அவள் கையில் அந்தக் குடை இருக்கும். அதை எங்கே வாங்கினாய் என்று தம்பி கேட்பான்.

அவள் என்ன பதில் சொல்வாள் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பள்ளி ஆசிரியருக்குத் தனியாக ஓர் இழை தொடங்கித்தான் உங்களிடம் யோசனை கேட்க வேண்டும்.